பட்டையைக் கூட்டவா, பாரத்தைக் குறைக்கவா?

ஒரு வண்டி எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆர்.சி. புத்தகம் தேவையில்லை. ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொல்லிவிட்டு, பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். முதுகில் ஒரு மூட்டைகூட இல்லாதபோதும் பின்பக்கம் தரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறதா? அதுதான் அதன் ஜாதகம்.

பெயின்ட் புதுசாக அடித்துவிடலாம். ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுகிற கைகாரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சீட்டுக்கு ரெக்ஸின் மாற்றி, டேஷ்போர்டில் ஒரு பிள்ளையாரை ஒட்டிவிட்டால் வண்டி மணப்பெண் மாதிரி ஆகிவிடும். முதுகு மட்டும் அவ்வளவு சுலபத்தில் பொய் சொல்லாது.

அந்த முதுகைச் சரிசெய்வது பற்றித்தான் இந்த வாரம். ‘இது மெக்கானிக் பக்கம்’ என்று புரட்டிவிடாதீர்கள். விஷயம் வண்டியில் ஆரம்பித்து நம் வீட்டுக்குள்தான் வந்து நிற்கப் போகிறது.

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகிற வழியில் இருக்கிறது பத்தமடை. வெளியூர்க்காரர்களுக்கு அது பாய்க்கும் சுவாமி சிவானந்தர் பிறந்ததற்கும் பேர் போன ஊர். உள்ளூர்க்காரர்களுக்கு அதோடு வயலும் வாழையும் உண்டு. கன்னடியன் கால்வாய் கொண்டுவந்து சேர்க்கும் தாமிரபரணித் தண்ணீரின் புண்ணியம். பாய் வெளியே போக வேண்டும், கோரை உள்ளே வர வேண்டும், வாழைத்தார் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். அதற்கெல்லாம் ஒரு காலத்தில் மாட்டுவண்டி. இப்போது குட்டி யானை.

2005-ல் டாடா நிறுவனம் ‘ஏஸ்’ என்ற பெயரில் கொண்டுவந்த வண்டிக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் அது. முக்கால் டன், அதாவது 750 கிலோ சுமக்கிற மாதிரி செய்த வண்டி. சொந்தமாக ஒரு லாரி என்று கனவுகூடக் காண முடியாதவர்களை முதலாளி ஆக்கியது. ஆனால் பெயர் வைத்த நாளிலேயே நம் புத்தியையும் காட்டிவிட்டோம். ‘குட்டி’ என்பதை மறந்துவிட்டு ‘யானை’யை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம்.

பத்தமடையில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் இப்படி ஒரு வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். வாங்கிய சில மாதங்களில் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கினால் ‘டக்’கென்று அடிவாங்குகிறது. ராத்திரி எதிரே வருகிறவன் எல்லாம் “லைட்டை இறக்குடா” என்று திட்டிவிட்டுப் போகிறான். பின்பக்கம் இறங்கினால் முன்பக்கம் தூக்கும். முகப்பு விளக்கு ரோட்டைப் பார்க்காமல் எதிராளியின் கண்ணைப் பார்க்கும். இவர் சுமக்கிற பாரம், எதிரே வருகிறவன் கண்ணை உறுத்துகிறது.

ரோட்டோரத்தில் ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனார். நானும் உடன் போயிருந்தேன்.

“அண்ணாச்சி, பின்னாடி ரொம்ப உக்காந்துட்டு. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை சேத்துப் போட்டுருங்க.”

பெரியவர் வண்டியைப் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்தார்.

“போடலாம். என்ன லோடு ஏத்துத?”

“பாய்க்கட்டுதான் அண்ணாச்சி.”

பெரியவர் குனிந்து உள்ளே கைவிட்டு ஒரு தடவு தடவினார். “பாய்க்கட்டு ஏத்தியாலே பட்டை இப்படி நிமிந்துபோச்சி?”

இளைஞர் சிரித்துவிட்டார். அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. செங்கல், எம்-சாண்ட், ஈரக் கோரை, சீசனில் வாழைத்தார். இவருக்கு முன்னால் வைத்திருந்தவர் என்னென்ன ஏற்றினாரோ, அது அந்தப் பட்டைக்குத்தான் தெரியும்.

கமான் பட்டை என்பது வில்லாக வளைத்த எஃகுத் தகடுகளின் அடுக்கு. நீளமானது மேலே, அதன் இரண்டு முனைகளிலும் கண் இருக்கும். அதன் வழியாகத்தான் முழுக் கட்டும் சேஸிஸோடு பிணைந்திருக்கிறது. கீழே போகப் போகத் தகடுகள் குட்டையாகிக்கொண்டே வரும். நடுவில் ஒரு போல்ட். எல்லாவற்றையும் அச்சோடு இறுக்கிப் பிடிக்க யூ போல்ட்டுகள். பாரம் ஏறினால் வில் நிமிரும், இறங்கினால் திரும்ப வளையும். எவ்வளவு பாரமோ அவ்வளவு நிமிர்வு. ராபர்ட் ஹூக் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி இந்த உண்மையை 1676-ல் எழுத்துக்களைக் கலைத்துப்போட்டு ஒரு புதிராக வெளியிட்டு, இரண்டு வருஷம் கழித்து 1678-ல்தான் விடையைச் சொன்னார். வேறு யாராவது உரிமை கொண்டாடிவிடுவார்களோ என்ற பயம். விஞ்ஞானிக்கும் அந்த அவஸ்தை உண்டு.

ஆனால் ஹூக்கின் விதிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டிப் பாரம் ஏற்றினால், இறக்கிய பிறகும் வில் பழைய வளைவுக்கு வராது. கொஞ்சம் நிமிர்ந்தபடியே நின்றுவிடும். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். நாம் ‘வண்டி குனிந்துவிட்டது’ என்கிறோம். உண்மையில் பட்டை நிமிர்ந்துவிட்டது. வளையத் தெரிந்தவரைக்கும்தான் அது தாங்கும்.

இதற்குச் சரியான வைத்தியம் என்ன? நிறையப் பேர் செய்வதுபோல ஷாக் அப்சார்பரை மாற்றுவது அல்ல. அதன் வேலை ஆட்டத்தை அடக்குவது. வண்டியின் உயரத்தைத் தாங்குவது பட்டை. கட்டை அவிழ்க்க வேண்டும். உடைந்த தகடு இருந்தால் மாற்ற வேண்டும். மற்றவற்றைப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்து, எஃகுக்கு மறுபடி பதம் ஏற்ற வேண்டும். தேய்ந்த புஷ்ஷையும் பின்னையும் மாற்ற வேண்டும். பழைய யூ போல்ட்டையே திரும்ப மாட்டாமல் புதிது போட வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் வண்டி சாய்ந்துகொண்டு ஓடும் என்பதால் இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஒன்றுக்கும் ஆகாத பழைய பட்டையும் வீணாகாது. கொல்லுப் பட்டறைக்குப் போனால் நல்ல அரிவாளாகிவிடும். திருநெல்வேலி அல்லவா!

இது ரிப்பேர். நம் இளைஞர் கேட்டது இது அல்ல. அவர் கேட்டது கூடுதல் பட்டை. அதாவது, கம்பெனி போட்டதைவிட ஒன்று அதிகம். அப்படிப் போட்டால் ஒன்றரை டன் ஏற்றினாலும் வண்டி உட்காராது, மிடுக்காக நிற்கும்.

அப்போதுதான் பெரியவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

“பட்டை நான் போடுதேன். பிரேக்கு யாரு போடுவா?”

யோசித்துப் பாருங்கள். பட்டை கூடியது. பிரேக் கூடவில்லை. அச்சு, பேரிங், டயர், சேஸிஸ் எதுவும் கூடவில்லை. முக்கால் டன்னை நிறுத்தச் செய்த பிரேக், ஒன்றரை டன்னை நிறுத்த வேண்டும். சில பிக்கப் வண்டிகளில் இன்னொரு விஷயமும் உண்டு. பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைப் பார்த்து, அதற்குத் தகுந்த மாதிரி பின் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கிற ஒரு வால்வு இருக்கும். கூடுதல் பட்டை போட்டால் பாரம் ஏறியும் வண்டி இறங்காது. வால்வு என்ன நினைக்கும்? ‘வண்டியில் அவ்வளவு லோடு இல்லை போல’ என்று பின் பிரேக்கைக் குறைத்துக் கொடுக்கும். மனுஷனை ஏமாற்றலாம், ஆர்.டி.ஓ.வை ஏமாற்றலாம்; இங்கே வண்டியின் பிரேக்கையே ஏமாற்றுகிறோம்.

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் ஒரு வண்டியைச் சொல்கிறார். ஏற்றியது மயிலிறகுதான். ஆனால் அளவுக்கு மீறி ஏற்றியதில் அச்சே முறிந்துவிடும் என்கிறார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது. ஆனால் வள்ளுவரின் வண்டியில் ஒரு நேர்மை இருந்தது என்பதை நாம் கவனிப்பதில்லை. பேராசைப்பட்டவனும் வண்டிக்காரன், அச்சு முறிந்ததும் அவனுடைய வண்டியில்தான். தப்பும் தண்டனையும் ஒரே வீட்டில்.

இன்றைய சாமர்த்தியம் வேறு. அச்சு முறியாதபடி ஒரு பட்டையைச் சேர்த்துவிட்டோம். அதனால் முறிவு இல்லாமல் போய்விட்டதா? இல்லை. அது இடம் மாறிவிட்டது. பிரேக் பிடிக்காமல் நிற்கிற இடத்தில் ரோட்டைக் கடந்துகொண்டிருந்த யாரோ ஒருவரின் காலுக்கு மாறியிருக்கலாம். அரசாங்கம் போட்ட ரோட்டுக்கு மாறியிருக்கலாம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓயாமல் ஓட்டி ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். அதில் கிடைத்த கணக்கை இன்றுவரை ரோடு போடுகிறவர்கள் பயன்படுத்துகிறார்கள். அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால், ரோட்டுக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு அல்ல; ஏறத்தாழ 16 மடங்கு. குட்டி யானையைக் குற்றம் சொல்லக் கூடாது. லாரியோடு ஒப்பிட்டால் அது ரோட்டை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் கணக்கின் தர்மம் ஒன்றுதான். லாபம் ஏற்றியவன் பையில், சேதம் எல்லோர் தலையிலும்.

பி.காம். படித்தபோது தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. மெஷின் தேய்வதையும் செலவாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் லாபம் பொய் லாபம். நல்ல பாடம்தான். ஆனால் உன் மெஷின் தேய்வதைத்தான் எழுதச் சொன்னார்கள். உன்னால் அடுத்தவன் தேய்வதை எந்தப் பேரேட்டிலும் எழுதச் சொல்லவில்லை. பிகு என்ற பொருளாதார மேதை 1920-லேயே இதைப் பற்றி எழுதினார். நூறு வருஷம் ஆகியும் நம் கணக்குப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

சரி, சட்டம்? இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் அதிக பாரத்துக்கு அபராதம் வைத்தது. ரொம்ப நாள் என்ன நடந்தது தெரியுமா? அபராதத்தைக் கட்டிவிட்டு அதே பாரத்தோடு வண்டி கிளம்பிப் போகும். அபராதம் என்பது டிக்கெட் மாதிரி ஆகிவிட்டது. குட்டி யானை பிறந்த அதே 2005-ல், நவம்பர் மாதம், சுப்ரீம் கோர்ட் ஒரு பொதுநல வழக்கில் இதைத் தடுத்தது. காசு வாங்கிக்கொண்டு அனுப்புவது கூடாது. கூடுதல் பாரத்தை இறக்கிய பிறகுதான் வண்டி நகர வேண்டும் என்றது. 2019 திருத்தத்தில் அபராதம் 2,000 ரூபாயிலிருந்து 20,000 ஆனது. கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி.

கோர்ட் சொன்னதில் ஒரு நீதி இருக்கிறது. தப்புக்கு விலை கொடுத்துவிட்டால் தப்பு சரியாகிவிடாது. பாரத்தை இறக்க வேண்டும்.

இப்போது நம் இளைஞரின் பக்கம் வருவோம். அவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைக் கேட்காமல் தீர்ப்பு எழுதினால் அது அதர்மம்.

“முக்கால் டன் மட்டும் ஏத்துனா டீசலுக்கும் ட்யூவுக்குமே சரியாப் போவும் அண்ணாச்சி. வீட்டுக்கு என்னத்தக் கொண்டுபோக?”

“ரெண்டு நடையா அடி.”

“ரெண்டு நடைக்கு யாரு காசு தருவா?”

பெரியவரிடம் இதற்குப் பதில் இல்லை. பட்டையை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்கும் அந்த இடத்தில் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி யாரைப் பார்த்துக் கேட்கப்பட்டது என்று மட்டும் தெரிந்தது. பெரியவரைப் பார்த்து அல்ல. நம்மைப் பார்த்து.

வீடு மாற்றிய அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். குட்டி யானைக்காரரிடம் வாடகை பேசுகிறோம். “ரெண்டு ட்ரிப்பா? என்னங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி ஒரே ட்ரிப்ல முடிச்சிடுங்க.” பீரோ ஏறுகிறது, ஃப்ரிட்ஜ் ஏறுகிறது, கட்டில் ஏறுகிறது. பத்து வருஷமாக யாரும் தொடாத ஆட்டுக்கல்லும் ஏறுகிறது. கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே நாலு பிள்ளைகள். வண்டி உட்கார்ந்துவிட்டதை நாமும் பார்க்கிறோம். ‘அதெல்லாம் தாங்கும்’ என்று நாமே சர்டிஃபிகேட் கொடுக்கிறோம். இரண்டாவது ட்ரிப்பின் காசு நம் பையில் மிச்சம். அதற்கு ஈடாக அந்த வண்டியின் பட்டை ஒரு நூல் நிமிர்கிறது. என்றைக்கோ அதை செகண்ட் ஹேண்டில் வாங்கப்போகிற, முகம் தெரியாத ஒரு பத்தமடைக்காரர் நம் ஆட்டுக்கல்லுக்காகப் பட்டறையில் நிற்பார்.

அதிக பாரத்துக்கான அந்தச் சட்டப் பிரிவு, வண்டியை ஓட்டுகிறவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் செய்கிறவரையும், அதை அனுமதிக்கிறவரையும் சேர்த்தே சொல்கிறது. நாம் அபராதம் என்றால் டிரைவர் என்று முடிவுகட்டிவிட்டோம்.

ஆக, கூடுதல் பட்டை கேட்பது பாவமா என்பதல்ல கேள்வி. பாரத்தைப் பற்றிப் பேசாமல் பட்டையைப் பற்றி மட்டும் பேசலாமா என்பதுதான் கேள்வி. பேசக் கூடாது என்பது என் கட்சி. காரணம், தாங்கும் சக்தி என்பது நம் ஊரில் ஓர் அழைப்பிதழ். தாங்குகிறது என்று தெரிந்த இடத்தில்தான் மேலும் ஏற்றுவோம்.

ஆபீஸைப் பாருங்கள். மூன்று பேர் பார்த்த வேலையை ஒருவர் தலையில் கட்டுகிறார்கள். அவர் தூக்கம் கெட்டு, பிரஷர் ஏறி நிற்கும்போது நிர்வாகம் என்ன செய்கிறது? இரண்டு ஆளை எடுக்குமா? எடுக்காது. ‘மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி’ என்று சனிக்கிழமை ஒரு வகுப்பு வைக்கும். யோகா டீச்சர் வருவார். அதாவது, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை சேர்த்துப் போடுகிறார்கள். யோகா நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் ‘என்ன லோடு ஏத்துதிய?’ என்று யாரும் கேட்பதில்லை.

வீட்டைப் பாருங்கள். எல்லாக் குடும்பத்திலும் ஒரு மெயின் பட்டை உண்டு. மூத்த அக்கா, கல்யாணமாகாத சித்தப்பா, வேலைக்கும் போய்விட்டு வந்து மாமியாரின் மருந்து நேரத்தையும் ஞாபகம் வைத்திருக்கிற மருமகள். “அவ கெட்டிக்காரி, சமாளிச்சிருவா” என்று சொல்லுவோம். பாராட்டுதான். ஆனால் கவனித்துப் பாருங்கள், அந்தப் பாராட்டு வருகிற நேரம் பெரும்பாலும் இன்னொரு மூட்டையை ஏற்றுகிற நேரமாக இருக்கும்.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பட்டுப்பாயை விரலால் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கோரை என்றே நம்ப முடியாது. தாமிரபரணித் தண்ணீரில் ஊறிய கோரையை நூல் மாதிரி கிழித்து, தரையோடு தரையாக இருக்கிற தறியில் குனிந்து உட்கார்ந்து நெய்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். உயர்ந்த ரகம் என்றால் வாரக்கணக்கில் ஒரே பாய். “கைவினைன்னா இதுதாங்க” என்று வியக்கிறோம். வியந்த கையோடு, “ஒரு நூறு ரூபா கொறைச்சுக்கோங்க” என்கிறோம். அந்தப் பாயை ஏற்றிப் போகிற வண்டியின் முதுகு உட்கார்ந்தால் பட்டறை இருக்கிறது. அதை நெய்தவரின் முதுகு உட்கார்ந்தால் எந்த யூ போல்ட்டை இறுக்குவது?

அதற்காக யாரும் எதையும் சுமக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. சுமக்காத வண்டி ஷெட்டில் துருப்பிடிக்கும். லோடு ஏறும்போது வண்டி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அது நோய் அல்ல, அது வேலை. பட்டை அதற்குத்தான் வளைந்திருக்கிறது. பரீட்சை நேரத்தில் பிள்ளை களைப்பதும், அறுவடை நேரத்தில் விவசாயி அசருவதும் அந்த இறக்கம்தான். லோடு இறங்கினால் நிமிர்ந்துவிடுவார்கள்.

பழைய வண்டிக்கு வைக்கிற பரிசோதனையைத்தான் மனுஷருக்கும் வைக்க வேண்டும். அது லோடோடு பார்க்கிற பரிசோதனை அல்ல. லோடு இல்லாதபோது பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில், யாரும் ஒன்றும் கேட்காத நேரத்தில், கையில் காபியோடு உட்கார்ந்திருக்கும்போதும் ஒருவர் தாழ்ந்தே இருக்கிறாரா? திருவிழாவுக்கு வந்த இடத்திலும் அந்த அக்காவின் தோள் இறங்கியே இருக்கிறதா? அப்படியென்றால் பாரம் எல்லையைத் தாண்டி ரொம்ப நாள் ஆகிவிட்டது. அவருக்கு டானிக்கும், தன்னம்பிக்கைப் புத்தகமும், ‘நீ தைரியசாலி’ என்கிற வசனமும் வாங்கிக் கொடுக்காதீர்கள். அதெல்லாம் கூடுதல் பட்டை.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன லோடு என்று கேளுங்கள். கேட்ட பிறகு, அதில் நாம் ஏற்றியது எது என்று பார்த்து, நாமே இறக்கி வைப்போம்.